வாலாட்டும் நாயெல்லாம் விளையாடுகிறதா?

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் பெற்றோர்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பரிசளிப்பு விழா மேடையில் கல்வியின் பெருமையைப் பேசுவார்கள், தாய்மொழியின் சிறப்பைப் பேசுவார்கள். நான் நாயைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிப்பவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் குழந்தை உளவியல் சொல்லிக் கொடுத்தார்கள். நாய் உளவியல் அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. சிம்பாங் ரெங்கத்துக்கு வந்த பிறகுதான் ஒன்று இல்லாமல் மற்றது நடக்காது என்று தெரிந்தது.

இந்த ஆண்டு மட்டும் என் வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் கட்டுப் போட்ட கையோடும் காலோடும் பள்ளிக்கு வந்தார்கள். வெவ்வேறு நாய், வெவ்வேறு இடம். ஆனால் மூவரும் சொன்னது ஒரே வார்த்தை: "வாலைத்தான் டீச்சர் ஆட்டிச்சு. வெளையாடுதுன்னு நெனைச்சேன்."

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நம் திடலில் மாலை நேரத்தில் இரண்டு நாய்கள் கட்டிப் புரண்டால், "சண்டை போடுதுங்க" என்று கல்லை எடுப்பவர்கள் உண்டு. சுடுதண்ணீர் ஊற்றியவரையும் பார்த்திருக்கிறேன். அந்த நாய்கள் சண்டையே போடவில்லை, நம் பிள்ளைகள் கபடி ஆடுவது போல அவை ஆடிக்கொண்டிருந்தன. கல்லடி பட்ட நாய் அன்று முதல் மனிதனைக் கண்டால் மிரளும். மிரண்ட நாய்தான் பிறகு கடிக்கிற நாய். ஆக, விளையாட்டைச் சண்டை என்று நினைத்து ஒரு பக்கம் கெடுக்கிறோம். கோபத்தை விளையாட்டு என்று நினைத்து மறுபக்கம் கடி வாங்குகிறோம்.

முதலில் இந்த வால் விவகாரத்தைத் தீர்த்துவிடுவோம். வாலாட்டுதல் என்றால் நாயின் உள்ளே ஏதோ பொங்குகிறது என்று பொருள், அவ்வளவுதான். மகிழ்ச்சி பொங்கினாலும் ஆடும், கோபம் பொங்கினாலும் ஆடும், பயத்திலும் ஆடும். நம் பாட்டிமார் இதற்கு இரண்டு சொல் வைத்திருந்தார்கள். 'வாலை ஆட்டுது' என்பது ஒன்று. 'வாலைக் குழைக்குது' என்பது இன்னொன்று. சோறு குழைந்துவிட்டது என்கிறோமே, அதே குழைவு. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் எசமானைப் பார்த்த நாய் வாலை மட்டுமா ஆட்டுகிறது? இடுப்பு ஆடுகிறது, முதுகு வளைகிறது, காது பின்னால் படிகிறது, முகமே இளகுகிறது. உடம்பு முழுவதும் குழைகிறது. அந்த நாயிடம் பயமில்லை. மாறாக, உடம்பு கட்டை போல நிற்க, வால் கொடிக்கம்பம் போல மேலே நிமிர்ந்து, அதன் நுனி மட்டும் வெடவெடவென்று வேகமாகத் துடிக்கிறதா? அதுவும் வாலாட்டுதல்தான். ஆனால் குழைவு இல்லை, விறைப்பு. அந்த மூன்று பிள்ளைகளும் வாலைப் பார்த்தார்கள். வால் முளைத்திருக்கும் உடம்பைப் பார்க்கவில்லை. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, யாரும் சொல்லித் தரவில்லை.

பாட்டி சொன்னதையே ஒரு பெரிய அறிஞரும் சொல்லியிருக்கிறார். பரிணாமக் கொள்கை தந்த சார்ல்ஸ் டார்வின் 1872ஆம் ஆண்டில் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சிகளை எப்படி வெளிக்காட்டுகின்றனர் என்று ஒரு நூல் வெளியிட்டார். அதில் நாய்ப் படங்கள் உண்டு. எதிரியை நோக்கிப் போகும் நாய் நிமிர்ந்து விறைத்து நடக்கிறது, வால் நட்டுக்கொண்டு நிற்கிறது, முதுகு மயிர் சிலிர்க்கிறது, கண் ஒரே இடத்தில் குத்தி நிற்கிறது. வந்தவர் தன் எசமான் என்று தெரிந்ததும் அதே நாயின் உடம்பு தாழ்கிறது, நெளிகிறது, வால் இறங்கி ஆடுகிறது. ஒன்றுக்கொன்று நேர் எதிர். எதிரான உணர்ச்சிக்கு எதிரான உடல் நிலை என்று டார்வின் அதை விளக்கினார். அவருக்கு நூறு பக்கங்கள் தேவைப்பட்டன. பாட்டிக்கு ஒரு சொல் போதுமாக இருந்தது.

இத்தாலியில் 2007ஆம் ஆண்டில் 30 நாய்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். எசமானைப் பார்த்தபோது வால் நாயின் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்து ஆடியதாம். முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்த்தபோது இடப்பக்கம் அதிகமாகச் சாய்ந்ததாம். அருமையான கண்டுபிடிப்புத்தான். ஆனால் பிள்ளைகளே, தெரு நாயின் பின்னால் நின்று வால் வலமா இடமா என்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம்!

இனி விளையாட்டுக்கு வருவோம். இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஆகவே சற்று நிதானமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் திடல் ஓரமாக உட்கார்ந்து இரண்டு நாய்களைக் கால் மணி நேரம் கவனித்துப் பாருங்கள். விளையாட விரும்பும் நாய் முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பாகத்தை மட்டும் மேலே தூக்கி நிற்கும். கோயிலில் விழுந்து கும்பிடப் போனவர் பாதியில் மனம் மாறியது போல இருக்கும். என் வகுப்பில் இதற்கு 'நாய் வணக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறோம். "வா, விளையாடலாம்" என்ற அழைப்பு அது. ஒரு முறை வணக்கம் சொல்லிவிட்டு நிறுத்திவிடாது. விளையாட்டின் நடுவிலும் திரும்பத் திரும்பச் சொல்லும்.

ஏன் நடுவிலும் சொல்கிறது? அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பெக்கோஃப் என்பவர் நாய்க்குட்டி, ஓநாய்க்குட்டி, கொயோட்டி என்னும் அந்நாட்டு நரியினக் குட்டி ஆகியவற்றின் விளையாட்டைப் படம் பிடித்து ஆராய்ந்து 1995ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கடித்துத் தலையைப் பக்கவாட்டில் உதறுவது இரையைக் கொல்லும் செயல். விளையாட்டில் அப்படிச் செய்தால் மற்றது தவறாக எடுத்துக்கொள்ளலாம் அல்லவா? அப்படிப்பட்ட கடிக்குச் சற்று முன்னாலோ சற்றுப் பின்னாலோதான் அந்த வணக்கம் அதிகமாக வருகிறது என்று அவர் கண்டார். "இப்போது கடிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதே", "இப்போது கடித்தது சும்மாதான்" என்று சொல்வது போல. நம் பசங்கள் பந்து விளையாடும்போது காலை மிதித்துவிட்டு "சாரிடா மச்சான்" என்கிறார்கள், அதுபோலத்தான்.

இன்னொன்று. பலமுள்ள நாய் வேண்டுமென்றே தோற்கும். பெரிய நாய் மல்லாந்து படுத்துக்கொண்டு குட்டியைத் தன்மேல் ஏற விடும். மகனோடு கைபலம் பார்க்கும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தோற்கிறாரே, அந்த அன்பு நாய்க்கும் உண்டு. துரத்தியது பிறகு ஓடும், ஓடியது துரத்தும். கீழே கிடந்தது மேலே வரும். முறை மாறிக்கொண்டே இருக்கும். வாய் தளர்வாகத் திறந்திருக்கும். அசைவெல்லாம் மிகையாக, துள்ளலாக, கோமாளித்தனமாக இருக்கும். இடையிடையே இரண்டும் நின்று உடம்பை உதறிக்கொள்ளும், தும்மும், மண்ணை மோந்து பார்க்கும். பிறகு மறுபடியும் தொடங்கும்.

சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விளையாடும் நாயும் பயங்கரமாக உறுமும். முதுகு மயிர் சிலிர்ப்பதையும் தனியாக எடுத்துக்கொள்ள முடியாது; அதிகத் துடிப்பில் இருக்கும் நாய்க்கும் பயந்த நாய்க்கும் அது சிலிர்க்கும். நான் பார்ப்பது இரண்டைத்தான்: உடம்பில் குழைவு இருக்கிறதா, முறை மாறுகிறதா.

இந்த இரண்டும் நின்றுபோனால் விளையாட்டு கெட்டுவிட்டது. ஒரே நாய் எப்போதும் மேலே, ஒரே நாய் எப்போதும் கீழே. கீழே கிடப்பது வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டிக்கொண்டு பெஞ்சுக்கடியில் நுழையப் பார்க்கிறது, மற்றது விடுவதாக இல்லை. துள்ளல் போய் அசைவு நேர்கோட்டில் வருகிறது. திறந்திருந்த வாய் மூடிக்கொள்கிறது. ஒரு கணம் எல்லாம் உறைந்து நிற்கிறது. அந்த உறைதல்தான் மிகவும் ஆபத்தானது, அடுத்த கணம் கடி. பெரியவர்கள் பிரிக்க வேண்டுமானால் கையை நடுவில் விடாதீர்கள். ஒரு வாளி பச்சைத் தண்ணீர் வீசலாம், தகரத்தைத் தட்டலாம், பலகையை இடையில் நுழைக்கலாம். பிள்ளைகள் பிரிக்கப் போகவே கூடாது.

மனிதரிடமும் நாய் திடீரென்று கடிப்பது அபூர்வம். நமக்குத்தான் திடீரென்று தோன்றுகிறது. அது முன்பே பல தடவை சொல்லியிருக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சாப்பாடு எதுவும் இல்லாதபோதே மூக்கை நக்கிக்கொள்ளும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரமாக உருட்டும்போது வெள்ளை விழி பிறைநிலா போலத் தெரியும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் தூரிட் ரூகாஸ் அம்மையார் இத்தகைய அடையாளங்களைத் தொகுத்து உலகறியச் செய்தார். இவையெல்லாம் "எனக்குப் பிடிக்கவில்லை, தள்ளிப் போ" என்று மரியாதையாகச் சொல்வது. நாம் கேட்கவில்லையென்றால் விறைக்கும். பிறகு உறுமும். பிறகு உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டும். அதற்கும் நாம் அசையவில்லையென்றால் கடிக்காமல் வேறென்ன செய்யும்?

நம் லயங்களில் ஒரு வழக்கம் உண்டு. நாய் பிள்ளையைப் பார்த்து உறுமினால், "யாரைப் பார்த்து உறுமறே?" என்று செருப்பால் ஒரு போடு. பெற்றோர்களே, தயவுசெய்து இதை விடுங்கள். அடி வாங்கிய நாய் உறுமுவதைத்தான் விடும், உள்ளே இருக்கும் வெறுப்பை விடாது. அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். உறுமினால் பிள்ளையை அங்கிருந்து நகர்த்துங்கள், நாய்க்கு என்ன தொல்லை என்று பாருங்கள். காதில் புண்ணாக இருக்கலாம், வயிற்றில் வலியாக இருக்கலாம். அப்புறம், குரைக்கிற நாய் கடிக்காது என்று ஒரு பழமொழி சொல்கிறோம். நாயைப் பொறுத்தவரை அதை நம்பிவிடாதீர்கள். குரைக்கிற நாயும் கடிக்கும், குரைக்காத நாயும் கடிக்கும்.

பல் காட்டுவது பற்றி ஒரு செய்தி. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சிறு பிள்ளைகளுக்கு நாய் முகங்களைக் காட்டிக் கேட்டார்கள். பல்லைக் காட்டி உறுமும் நாயைப் பார்த்து, அது சந்தோஷமாக இருக்கிறது, சிரிக்கிறது என்று சொன்ன பிள்ளைகள் பலர். வயது குறையக் குறையத் தவறு அதிகம். நான் இங்கே முதலாம் ஆண்டு மாணவர்களுக்குக் கரும்பலகையில் அப்படி ஒரு முகத்தை வரைந்து காட்டினேன். "சிரிக்குது டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது. என் ஓவியத் திறமையையும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்றாலும், பிள்ளைகள் மேல் குற்றமில்லை. அவர்களுக்குத் தெரிந்த முகம் அம்மாவின் முகம். பல் தெரிந்தால் சிரிப்பு. அதனால்தான் சிறு பிள்ளைகளுக்குக் கடி பெரும்பாலும் முகத்தில், தலையில் விழுகிறது. பல்லைக் காட்டும் நாயை நோக்கி முகத்தைக் கொண்டுபோகிறார்கள். கழுத்தைக் கட்டிப் பிடிப்பதும் அப்படியே. நமக்கு அது பாசம். நாய்க்கு, தப்பிக்க முடியாமல் யாரோ அழுத்துவது.

இந்த அறிவு நம்மிடையே இல்லாமல் இல்லை. செம்பனைக் காட்டில் பன்றி விரட்டப் போகும் அண்ணன்மாரைக் கேட்டுப் பாருங்கள். எந்த நாய் பாயும், எந்த நாய் பின்வாங்கும் என்று அதன் காதைப் பார்த்தே சொல்வார்கள். அவர்களிடம் இருக்கும் இந்தக் கணக்கு வீட்டில் இருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம். அந்த அண்ணன்மார் ஒரு நாள் நம் பள்ளிக்கு வந்து பேச வேண்டும். நான் எழுந்து நின்று கேட்பேன்.

நம் பக்கத்தில் எப்போது கடி விழுகிறது? சோறு தின்னும் நாயிடம் போனபோது. கால்வாய்க் குழாய்க்குள் குட்டி போட்ட தாயிடம், குட்டியைத் தூக்கிப் பார்க்கப் போனபோது. நாள் முழுக்க வாசலில் சங்கிலியில் கிடக்கும் நாயிடம் போனபோது. அதற்கு ஓட வழியில்லை, ஆகவே அது கடியைத்தான் முதலில் நினைக்கும். பிறகு மோட்டார். ஓடுகிற சக்கரத்தை நாய் துரத்துவது விளையாட்டும் இல்லை, பகையும் இல்லை. ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக் குணம். சைக்கிளில் போகும் பையன் பயந்து வேகமாக மிதித்தால் அதுவும் வேகமாகத் துரத்தும். சைக்கிளை நிறுத்தி இறங்கி, சைக்கிளைத் தனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்துக்கொண்டு நின்றால், பல நாய்களுக்கு அந்த ஆட்டம் அப்போதே சப்பென்று ஆகிவிடும்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் அண்டை அயலார் பலர் முஸ்லிம்கள். நாயின் ஈரம் பட்டால், அதன் எச்சில் பட்டால், அவர்கள் மண்ணும் நீரும் கொண்டு ஏழு முறை கழுவ வேண்டும். நம் ஜிம்மி நாய் வணக்கம் போட்டுக் குழைந்துகொண்டே ஓடினாலும், அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது விளையாட்டாக இராது. வேலியைச் சரியாகப் போடுங்கள். மாவட்ட மன்றத்தில் லைசென்ஸ் எடுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நலமாக இருக்கும் நாய்க்கு. வெறிநோய் பிடித்த நாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. முரட்டு நாய் திடீரென்று குழையும், சாது நாய் காரணமில்லாமல் பாயும், தண்ணீர் விழுங்க முடியாமல் எச்சில் வடிக்கும், தள்ளாடும். நம் நாட்டில் இந்த நோய் இல்லை என்று சில காலம் நிம்மதியாக இருந்தோம். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் தலைகாட்டியது. 2017ஆம் ஆண்டில் சரவாக்கில் பரவத் தொடங்கியது. அங்கே முதலில் பலியானவர்கள் சிறு பிள்ளைகள். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். நோய்க்குறி தெரிந்த பிறகு பிழைத்தவர்கள் மிக மிக அபூர்வம். ஆனால் கடிபட்டவுடன் முறையாகத் தடுப்பூசி போட்டால் தடுத்துவிடலாம்.

ஆகவே கடிபட்டால், சின்னக் கீறலாக இருந்தாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம். உடனே அரசாங்கக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். முகத்திலோ தலையிலோ கடித்திருந்தால் நேரே குளுவாங் மருத்துவமனைக்கு. கடித்த நாயை ஆத்திரத்தில் அடித்துக் கொன்றுவிடாதீர்கள். பத்து நாள் அதைக் கவனித்தால் மருத்துவருக்கு அது பெரிய உதவி. பிள்ளை கடிபட்டதை மறைத்தால் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: போன முறை நாம் திட்டியதால்தான் இந்த முறை மறைக்கிறது.

கடைசியாக, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். தெரியாத நாய் கிட்டே வந்தால் ஓடக் கூடாது, கத்தக் கூடாது, கண்ணுக்குள் கண் வைத்துப் பார்க்கக் கூடாது. வெளிநாடுகளில் இதை 'மரமாக நில்' என்று கற்றுத் தருகிறார்கள். நாங்கள் 'பால்மரம்' என்று வைத்துக்கொண்டோம். காலை ஊன்றி, கையிரண்டையும் முன்னால் கோத்துத் தொங்கவிட்டு, தலையைக் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பது. நாய் வந்து மோந்து பார்க்கும், சுவாரசியம் இல்லையென்று போய்விடும். கீழே விழுந்துவிட்டால் 'கல்': முழங்காலை மடக்கிச் சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொண்டு கிடப்பது. சபைக் கூடல் முடிந்ததும் வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம் பழகுகிறோம். முதலாம் ஆண்டுப் பையன் ஒருவன் மட்டும் மரத்துக்குக் காற்று அடிக்கிறது என்று சொல்லி ஆடிக்கொண்டே இருப்பான். அவனுக்கு இன்னும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். இன்றிரவு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளையிடம் "பால்மரம்!" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். நின்று காட்டும்.